ஸ்டேப்ளர் ஆப்பரேஷன்: ரெண்டாவது வாரத்தோட கதை முடியலைங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல மருத்துவப் பக்கத்துல மூலத்துக்கு ஸ்டேப்ளர் மெஷின் வச்சு பண்ற ஆப்பரேஷனைப் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. வலி கம்மி, ரெண்டு நாள்ல வீடு, ரெண்டு வாரத்துல வேலைக்குப் போயிடலாம்னு. அதுல எதுவும் பொய் இல்லைங்க, நான் அந்த ஆப்பரேஷனைப் பண்ணிக்கிட்டவன், அத்தனையும் நெசம்தான். ஆனா கட்டுரை ரெண்டாவது வாரத்தோட நின்னுபோச்சு, எனக்கு அதுக்கப்புறம் 7 வருஷம் ஓடுச்சு, அந்த 7 வருஷத்தைப் பத்தி எழுத ஆள் இல்லையேன்னுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமா இருக்கும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, ஆனா பாலத்துக் கதையை மட்டும் வெட்டிடாதீங்க.

நான் பட்டர்வொர்த்துக்காரன். 30 வருஷத்துக்கு மேல லோரி ஓட்டினேன், பெரும்பாலும் பிறை ஃபேக்டரிங்கள்ல சாமான் ஏத்திக்கிட்டு பினாங்குப் பாலம் ஏறி தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸ். லோரிக்காரனுக்கு மூலம் வர்றது ஒண்ணும் அதிசயம் இல்லை. எங்க செட்டுல பாதிப் பேருக்கு இருந்துச்சு, ஒருத்தனும் வாயைத் திறந்து சொல்லமாட்டான், சீட்டுல ரெண்டு தலகாணி போட்டிருந்தா புரிஞ்சுக்க வேண்டியதுதான். இஞ்சின் சூடு, நாசி கண்டார் காரம், உடம்பு சூடுன்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. பின்னாடி டாக்டர் சொன்னாரு, மலம் இறுகி முக்குறது, நார்ச்சத்து இல்லாத சாப்பாடு, அதைவிட முக்கியமா டாய்லெட்ல போய் போனை நோண்டிக்கிட்டு அரை மணி நேரம் உக்கார்றதுன்னு. துத்தி இலையை நெய்யில வதக்கிச் சாப்பிட்டேன், கருணைக்கிழங்கு சாப்பிட்டேன், அம்மா இருந்தவரைக்கும் வாரம் ரெண்டு தடவை கருணைக்கிழங்குதான். ஆரம்பத்துல கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. 2012-ல எனக்கு 49 வயசு, அப்ப வெளிய வந்தா கையால உள்ள தள்ளினாத்தான் போகும்ங்கிற நிலைமை. அதைத்தான் மூணாவது கிரேடுன்னு சொல்றாங்க. ரத்தம் வரும் ஆனா வெளிய தள்ளாதுன்னா ஒண்ணு, வெளிய வந்து தானா உள்ள போனா ரெண்டு, தள்ளித்தான் போகும்னா மூணு, தள்ளினாலும் போகாதுன்னா நாலு.

கம்பெனி மெடிக்கல் கார்டு இருந்துச்சு. அதனால பிரைவேட் ஹாஸ்பிட்டல், பேர் வேண்டாம். டாக்டர் ரெண்டு வழி இருக்குன்னாரு. ஒண்ணு பழைய வெட்டுற முறை, 1937-லயே லண்டன்ல மில்லிகன், மோர்கன்னு ரெண்டு டாக்டருங்க எழுதி வச்சது, மூலத்தை மூணு இடத்துல வெட்டி எடுத்துட்டு புண்ணை மூடாம அப்படியே திறந்து விட்டுடுவாங்க, அது தானா ஆறணும். இன்னொண்ணு மெஷின். இது இத்தாலி டாக்டர் அந்தோனியோ லோங்கோ 1990-கள்ல கொண்டாந்தது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, எதுல வலி கம்மி? மெஷின்லன்னாரு. சரி மெஷினே பண்ணுங்கன்னுட்டேன். திரும்ப வருமான்னு நான் கேட்கவே இல்லை. அவர் சொல்லாம விட்டாரான்னா, அப்படியும் நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஏதோ இங்கிலீஷ்ல நாலு பக்கம் ஃபாரம் கையெழுத்து வாங்கினாங்க, அதுல இருந்திருக்கும். மனுசன் தனக்கு வேணுங்கிறதைத்தானே காதுல வாங்குறான்.

மெஷின் என்ன பண்ணுதுன்னு உங்க கட்டுரையில ஒரு வரியில விட்டுட்டீங்க, ஆனா அதுலதான் எல்லா விஷயமும் இருக்கு. எங்க பொண்ணு நர்ஸ், அவ எனக்கு விளக்கினதை அப்படியே சொல்றேன். கைலி கட்டியிருக்கோம், நீளமா தழைஞ்சு தரையில தேயுது. என்ன பண்ணுவோம்? கீழ்ப்பக்கத்தை வெட்டமாட்டோம், இடுப்புகிட்ட ஒரு மடிப்பு மடிச்சு ஏத்திக் கட்டுவோம். மெஷினும் அதேதான். மூலம் இருக்கிற இடத்துக்கு மேல, உள்ள, குடல் சுவரோட மேல்தோலை மட்டும் சுத்தி ஒரு சுருக்குத் தையல் போட்டு, 33 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமான ஸ்டேப்ளருக்குள்ள இழுத்து, ஒரு வளையம் மாதிரி வெட்டி எடுத்துட்டு அந்த நிமிஷமே டைட்டானியம் கம்பியால தைச்சுடும். வெளிய தள்ளிக்கிட்டிருந்த மூலம் மேல இழுபட்டு உள்ள போயிடும், அதுக்கு வர்ற ரத்தமும் குறையும்னு சொல்றாங்க. மூலத்தையே வெட்டி எடுக்கிறது இல்லைங்க, தூக்கிக் கட்டுறாங்க, அவ்வளவுதான். வெட்டுற இடம் ஆசனவாய்க்கு உள்ள ஒரு கோட்டுக்கு மேல இருக்கு, அங்க தோல்ல இருக்கிற மாதிரி சுள்ளுனு வலிக்கிற நரம்பு கிடையாது, அதனாலதான் வலி கம்மி. சரியா யோசிச்ச வேலைதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனா ஏத்திக் கட்டின கைலி சாயந்தரத்துக்குள்ள மறுபடி தழையுமா தழையாதா, அதை நீங்களே சொல்லுங்க.

வியாழக்கிழமை ஆப்பரேஷன், சனிக்கிழமை வீட்டுல உக்காந்து பசியாறினேன், இட்லிதான். 12-வது நாள் ஸ்டீயரிங் பிடிச்சேன். பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் அந்த ஆப்பரேஷனுக்கு விளம்பரம் பண்ணினேன், ரெண்டு டிரைவருங்க என் பேச்சைக் கேட்டுத்தான் பண்ணிக்கிட்டாங்க. அதை நினைச்சா இப்பவும் ஒரு மாதிரிதான் இருக்கு.

முதல் பிரச்சனை மூலம் இல்லைங்க. அவசரம். அதாவது வருதுன்னு தோணினா நமக்கு நேரம் கொடுக்காது. சாதாரண ஆளுக்கு வயிறு ஒரு சிக்னல் கொடுக்கும், பத்து நிமிஷம் கால் மணி நேரம் தாங்கும். எனக்கு ரெண்டு நிமிஷம். கொஞ்ச நாள்ல சரியாயிடும்னாங்க, நிறைய பேருக்கு அப்படி சரியாகத்தான் செய்யுதாம். எனக்கு சரியாகலை.

பாலத்துக் கதை இதுதான். ஆப்பரேஷன் முடிஞ்சு எட்டாவது மாசம்னு ஞாபகம். டோல் கேட் தாண்டி பாலத்துல ஏறிட்டேன், நம்ம முதல் பாலம், 13.5 கிலோமீட்டர், நடுவுல ஒரு கூனல் மாதிரி ஏறி இறங்கும்ல, அந்த ஏத்தத்துக்கு முன்னாடியே ஜாம். முன்னாடி எங்கயோ மோட்டோர் சைக்கிள் விழுந்துடுச்சு. லோரியில ஃபேக்டரிச் சாமான், ஏர் கார்கோவுக்கு டைம் இருக்கு. அப்பதான் வயிறு சொல்லுச்சு. ரெண்டு பக்கமும் கடல். எங்க போறது? பாலத்துமேல லோரியை நிறுத்திட்டு இறங்கி என்ன பண்ணமுடியும், பின்னாடி ஃபேக்டரி பஸ்ஸு நிறைய பொம்பளைப் பிள்ளைங்க உக்காந்திருக்குதுங்க. ஏர்கான் ஃபுல்லா வச்சும் சட்டை நனைஞ்சுபோச்சு. முருகா முருகான்னு சொன்னது தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கே கேட்டிருக்கும். நான் எப்படி அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தேன், என்ன நடந்துச்சுன்னு பேப்பர்ல எழுதமாட்டேன், ஆனா அன்னிக்கிலேர்ந்து லோரியில ஒரு கைலியும் ஒரு போத்தல் தண்ணியும் ஒரு கட்டு பிளாஸ்டிக் பையும் இல்லாம நான் பாலம் ஏறினது கிடையாது. காலையில வேலைக்குப் போற நாள்ல வெறும் வயித்தோட போக ஆரம்பிச்சேன். வீட்டுக்காரி சர்க்கரை வியாதியோன்னு பயந்து கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டு போயிட்டா.

இது எனக்கு மட்டும் வந்த ஒண்ணா இருக்கும்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் எம் பொண்ணு தேடிப் பார்த்துச் சொன்னா, 2000-லயே லான்செட்னு பெரிய மருத்துவப் பத்திரிகையில லண்டன் டாக்டருங்க எழுதியிருக்காங்களாம், ஸ்டேப்ளர் பண்ணின 16 பேர்ல 5 பேருக்கு விடாத வலியும் இந்த அவசரமும் வந்துச்சுன்னு. வெட்டி எடுத்த வளையத்துல மேல்தோலோட சேர்த்து தசையும் கொஞ்சம் வந்துடுறதுதான் காரணமா இருக்கலாம்னு அவங்க சந்தேகப்பட்டிருக்காங்க. 16 பேர்ங்கிறது ரொம்ப சின்னக் கணக்குதான், அதை வச்சு எல்லாருக்கும் அப்படி வரும்னு சொல்லமுடியாது. பின்னாடி வந்த பெரிய கணக்குல ரெண்டு ஆப்பரேஷனுக்கும் சிக்கல் கிட்டத்தட்ட ஒண்ணுபோலத்தான் இருக்குன்னாங்க. ஆனா 2012-ல நான் கையெழுத்துப் போட்டப்ப அது 12 வருஷப் பழைய செய்தி.

மூணாவது வருஷம் கைலி தழைஞ்சுபோச்சு. முதல்ல லேசா, பெரிய வேலை பார்த்தா மட்டும் தெரியும், அப்புறம் கனமா எதையாச்சும் தூக்கினாலே. அஞ்சாவது வருஷம் ரத்தம். 2012-க்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அதே இடத்துக்கு வந்துட்டேன், கூட அந்த அவசரம் வேற. இதுல ஒரு வேடிக்கை, என் விளம்பரத்தைக் கேட்டுப் பண்ணின ரெண்டு டிரைவருங்கள்ல ஒருத்தருக்கு மறுபடி வந்துடுச்சு, இன்னொருத்தர் இன்னிக்கு வரைக்கும் ஜம்முனு இருக்காரு. கோலாலம்பூர்ல இருக்கிற எங்க அண்ணியும் அதே மெஷின்தான், 9 வருஷம் ஆச்சு, ஒரு தொந்தரவும் இல்லை, என்னைப் பார்த்தா சிரிக்கிறாங்க. அதனால இந்த ஆப்பரேஷனே மோசம்னு நான் எழுதுறதா யாரும் எடுத்துக்கக் கூடாது.

ஆனா ஆளுக்கு ஒரு கதை சொல்றதை விட கணக்கு என்ன சொல்லுதுன்னு பார்க்கணும்ல. பிரிட்டன்ல 32 ஹாஸ்பிட்டல் சேர்ந்து 777 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி பாதிப் பேருக்கு மெஷின், பாதிப் பேருக்கு பழைய வெட்டுன்னு பிரிச்சு, 2 வருஷம் வரைக்கும் விடாம கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. 2016-ல லான்செட்ல வந்துச்சு. முதல் சில வாரம் மெஷின்காரங்களுக்குத்தான் வலி கம்மி, உங்க கட்டுரை சொன்ன அதேதான். ஆனா ரெண்டு வருஷத்தையும் மொத்தமா எடுத்துப் பார்த்தா பழைய வெட்டுக்காரங்கதான் நல்லா இருந்திருக்காங்க. 2 வருஷம் கழிச்சு மூலம் திரும்ப வந்துடுச்சுன்னு சொன்னவங்க மெஷின்ல 100-க்கு 42 பேர், பழைய வெட்டுல 25 பேர். மறுபடி ஏதாச்சும் வைத்தியம் பண்ண வேண்டி வந்தவங்களும் மெஷின் பக்கம்தான் கூட. செலவும் மெஷினுக்குத்தான் கூட, ஏன்னா அந்த ஸ்டேப்ளர் ஒரு ஆளுக்கு ஒண்ணு, போட்டுட்டு தூக்கி வீச வேண்டியதுதான். 2006-லயே உலகத்துல நடந்த பல ஆராய்ச்சியைச் சேர்த்து வச்சுப் பார்த்த கொக்ரேன் அறிக்கையும் இதே பக்கம்தான் சாஞ்சிருக்கு, நாள் போகப் போக திரும்ப வர்றது மெஷின்லதான் அதிகம்னு.

பழைய வெட்டுலயும் 100-க்கு 25 பேருன்னா அதுவும் சின்ன நம்பர் இல்லைங்க, அதையும் சொல்லிடணும். மூலத்துக்கு ஒரேடியா முடிவுன்னு யாராச்சும் சொன்னா கடையை மாத்திடுங்க.

சரி என் கதைக்கு வர்றேன். ரத்தம் வந்ததும் நான் நேரா ஆப்பரேஷனைத்தான் நினைச்சேன், ஆனா பெரியாஸ்பத்திரியில, அரசாங்க ஆஸ்பத்திரிதான், கம்பெனியை விட்டு வந்துட்டதால கார்டு இல்லை, அங்க பார்த்த டாக்டரம்மா முதல்ல குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிற கொலோனோஸ்கோபி பண்ணினாத்தான் மத்ததுன்னுட்டாங்க. 50 வயசு தாண்டின ஆளுக்கு ரத்தம் வந்தா அது மூலம்தான்னு நாமளே முடிவு பண்ணக் கூடாதாம், குடல் புற்றுநோயும் அதே மாதிரிதான் ஆரம்பிக்குமாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு மாஸ்டர், ஸ்கூல் வாத்தியார், அவர் மூலம் மூலம்னு ரெண்டு வருஷம் மருந்து தடவிக்கிட்டே இருந்து கடைசியில அது வேறயாப் போச்சு. உங்க கட்டுரையில இதுவும் இல்லை. கிளினிக் கெசிஹாத்தான்லயே, அதான் அரசாங்க கிளினிக்லயே, 50 வயசுக்கு மேல மலத்துல ரத்தம் இருக்கான்னு டெஸ்ட் பண்றாங்க, கூச்சப்படாம போய் கேளுங்கன்னு ஒரு பெட்டிச் செய்தியாச்சும் போட்டிருக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்லை, மூலம்தான்.

2019-ல பழைய முறையில வெட்டினாங்க. ஐயா, அந்த வலியை நான் குறைச்சுச் சொல்லமாட்டேன். முதல் தடவை டாய்லெட் போன அன்னிக்கு கதவைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், 56 வயசு ஆம்பளை. கண்ணாடித் துண்டு போற மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்கள்ல, சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை வெந்நீர்த் தொட்டியில உக்காரணும், மலம் இளக லாக்டுலோஸ் சிரப் குடிக்கணும், நார்ச்சத்துக்கு இசப்பகோல் கரைச்சுக் குடிக்கணும், பஞ்சு வச்சுக்கிட்டே திரியணும். மூணு வாரம் மனுசனா இல்லை. புண்ணு முழுசா ஆற ஆறேழு வாரம் ஆச்சு. வீட்டுக்காரி அந்தத் தொட்டியை இன்னும் பத்திரமா வச்சிருக்கா, ஞாபகார்த்தமா. செலவுன்னு பார்த்தா, பிரைவேட்ல 2012-லயே கார்டுல 11,000 வெள்ளி போச்சு, இங்க நான் கட்டினது எங்க வீட்டு தீபாவளி பலகாரச் செலவைத் தாண்டலை. ஆனா தேதி கிடைக்க ஏழு மாசம் காத்திருந்தேன், அதுவும் ஒரு செலவுதான்.

அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ரத்தம் இல்லை, வெளிய தள்ளுறது இல்லை. ஓரமா ஒரு சின்னத் தோல் தொங்குது, வெயில் காலத்துல அரிக்கும், அவ்வளவுதான். அவசரம் மட்டும் முழுசாப் போகலை, பாதி குறைஞ்சிருக்கு. அது ரெண்டாவது ஆப்பரேஷனால குறைஞ்சதா, லோரியை விட்டதால குறைஞ்சதா, இசப்பகோலான்னு எனக்குச் சொல்லத் தெரியலை. 2020 தைப்பூசத்துக்கு பால்குடம் எடுத்து தண்ணீர்மலையில அந்த 513 படியும் ஏறிட்டேன், வழியில டாய்லெட் எங்க இருக்குன்னு முதல் நாளே போய்ப் பார்த்து வச்சிட்டுத்தான். பாலத்துல வேண்டினது.

இப்ப எதுக்கு இதெல்லாம் எழுதுறேன்னா, என் மச்சினனுக்கும் அதே தொந்தரவு. பிறையில சொந்தமா வர்க்‌ஷோப் வச்சிருக்கான், ரெண்டு வாரத்துக்கு மேல கடையை மூடினா ஆளுங்களுக்குச் சம்பளம் போடமுடியாது. அவனுக்கு மெஷின் தப்புன்னு நான் சொல்லமுடியுமா? சொல்லமுடியாது. ரெண்டு வாரத்துல எழுந்து நிக்கிறதுதான் அவனுக்கு முக்கியம், திரும்ப வந்தா வரட்டும் அப்ப பார்த்துக்கலாம்னு தெரிஞ்சே எடுத்தா அது அவன் முடிவு. இங்கிலாந்துல 2007-ல அரசாங்க அமைப்பே மெஷினும் ஒரு வழின்னு ஒத்துக்கிட்டுத்தான் இருக்கு. அவனுக்கு இன்னும் ரெண்டாவது கிரேடுதான், அதுக்கு ரப்பர் வளையம் போட்டாலே கேட்கலாம், கிளினிக்லயே பண்ணிடுவாங்க, மயக்கமருந்து கூட வேண்டாம், திரும்ப வந்தா மறுபடியும் போட்டுக்கலாம். அதையெல்லாம் கேட்டியாடான்னா, "பேப்பர்லயே போட்டிருக்கான் மாமா, வலியே இல்லையாம்"னு உங்க கட்டுரையைக் காட்டுறான்.

அதனால ஐயா, உங்க மருத்துவப் பக்கத்துல இன்னொரு வாரம் ஒரு சர்ஜன் டாக்டரைக் கூப்பிட்டு வச்சு இதையெல்லாம் கேளுங்க. உங்ககிட்ட மெஷின்ல பண்ணிக்கிட்டவங்கள்ல அஞ்சு வருஷம் கழிச்சு திரும்பி வந்தவங்க எத்தனை பேரு? எந்த கிரேடுக்கு மெஷின், எதுக்கு வெட்டு, எதுக்கு ரப்பர் வளையம்? அவசரம் வந்தா யாருகிட்ட போறது? ஸ்டேப்ளர் போட்ட இடம் சுருங்கிப்போனா என்ன பண்ணுவாங்க? அவர் என்ன பதில் சொன்னாலும் அப்படியே போடுங்க, எனக்கு எதிரா இருந்தாலும் சரி.

மச்சினனுக்கு அடுத்த மாசம் 9-ம் தேதி டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட். உங்க கட்டுரையை வெட்டி மடிச்சு பர்ஸ்ல வச்சிருக்கான். அதுக்குள்ள இந்தக் கடிதத்தையும் போட்டீங்கன்னா இதையும் வெட்டி அதே பர்ஸ்ல சொருகி விட்டுடுவேன், டாக்டர் ரூமுக்குள்ள போய் எதை எடுத்து நீட்டுறானோ நீட்டட்டும்.

இப்படிக்கு,
பழைய லோரி டிரைவர்,
பட்டர்வொர்த், பினாங்கு
(பேர் போட வேண்டாம் ஐயா, பேரப்பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுதுங்க)